திரையில் மயில்கழுத்து, தாளில் கத்தரிப்பூ

மேலூர்ப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நீங்களே போட்டோஷாப்பில் செய்து, மதுரையில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்து 500 அடித்திருக்கிறீர்கள். திரையில் மயில்கழுத்து நீலமாக இருந்த பின்னணி கத்தரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது. உள்ளே சொந்தக்காரர்களின் பெயர்கள் இரட்டையடித்தது போல மங்கலாக இருக்கின்றன. போய்க் கேட்டால், "உங்க ஃபைல் அப்படித்தான் இருந்துச்சு" என்று பிரஸ்காரர் கையை விரித்துவிட்டார். போதாததற்கு ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர் வேலையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. 64 பக்கம். "திரையில் தெரிவது அப்படியே தாளில் வர எந்த செட்டிங் வைக்க வேண்டும்?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி.

செட்டிங் என்று எழுதியிருந்தாலும், தப்பு யார்மேல், மலரிலும் இதே கதை ஆகாமல் இருக்க என்ன செய்வது என்ற இரண்டும்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரடிக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: அப்படி ஒரு செட்டிங் கிடையாது. திரையில் தெரிவது வெளிச்சம். தாளில் இருப்பது மை. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மை, தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கி நிறம் காட்டுகிறது. முன்னது காட்டும் எல்லா நிறத்தையும் பின்னதால் காட்ட முடியாது. சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி சென்டரில், பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் வேலை தொடங்கி, இருபது வருஷத்துக்கு மேலாக அச்சுக்கு ஃபைல் தயார் செய்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். திரையும் தாளும் ஒன்றுபோல வந்ததை இதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு விலகும், எந்தப் பக்கம் விலகும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியும். அதுதான் இந்தத் தொழில்.

நீலம் கத்தரிப்பூவானது எனக்கு ஆச்சரியமில்லை. இதில் சந்தேகத்துக்கும் இடமில்லை. மல்டிகலர் ஆஃப்செட்டில் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ரோஸ் சிவப்பு), மஞ்சள், கருப்பு என்று மைக்கு ஒன்றாக நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. நான்கும் தாளில் புள்ளிகளாகத்தான் விழும். சுங்குடிச் சேலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத் தெரிந்து, கிட்டே போனால் புள்ளி புள்ளியாகப் பிரியும் அல்லவா, அதே கதை; இங்கே ஒரு அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல அடர் நீலத்தைத் திரை நிறத்திலிருந்து மை நிறத்துக்கு மாற்றும்போது, மென்பொருள் சயானை நூறு சதவீதத்துக்குப் பக்கத்திலும் மெஜந்தாவை எண்பது, தொண்ணூறுக்கும் கொண்டுபோய் வைக்கும். சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய சமமாக விழுந்தால் கண்ணுக்குக் கத்தரிப்பூதான் தெரியும். நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமென்றால் மெஜந்தா சயானைவிட குறைந்தது 30 சதவீதம் கீழே இருக்க வேண்டும். சயான் 100 என்றால் மெஜந்தா 70க்கு மேல் போகக் கூடாது. மயில்கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் பச்சை ஓட்டம் வேண்டுமென்றால் 40, 50 போதும்.

இதே மாதிரி ஏமாற்றும் நிறங்கள் இன்னும் சில உண்டு. கிளிப்பச்சை, பளீரென்ற ஆரஞ்சு, ரோஸ் கலந்த ஊதா மூன்றும் தாளில் செத்துப்போகும். நம் ஊர்க் கல்யாணத்துக்கு வேண்டிய மஞ்சளும் குங்குமச் சிவப்பும் அரக்கும் நல்லபடியாக வரும். மஞ்சள் 100 மேல் மெஜந்தா 15, 20 போட்டால் அரைத்த மஞ்சள். மெஜந்தா 100, மஞ்சள் 100 போட்டால் குங்குமம். போட்டோஷாப்பில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஒய் அழுத்தினால் மையால் எட்ட முடியாத இடங்கள் சாம்பலாகக் காட்டும். கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால் தாளில் ஏறத்தாழ எப்படி இருக்கும் என்று திரையே மங்கிக் காட்டும். பலர் அந்த மங்கலைப் பார்த்ததும் பயந்து உடனே அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். அந்த மங்கலிலேயே உட்கார்ந்து நிறம் தேர்ந்தெடுத்தால், தாள் கைக்கு வரும்போது மனசு உடையாது.

பெயர்கள் மங்கலானது வேறு விஷயம். பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். நீங்களே கண்டுபிடிக்கலாம். கைரேகை பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் மாதிரி ஒரு லென்ஸ் வாங்கி, ஒரு பெயரின் ஓரத்தைப் பாருங்கள். கருப்பு எழுத்தின் ஒரு பக்கம் நீலக் கோடும் மறுபக்கம் சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தால் அது நான்கு மைக் கருப்பு. போட்டோஷாப்பில் ஆர்ஜிபியில், அதாவது திரையின் சிவப்பு-பச்சை-நீல முறையில், எழுதிய கருப்பை வழக்கமான அமெரிக்க செட்டிங்கில் அப்படியே மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று உட்காரும். கூட்டினால் 300. ஊசிமுனை அளவு எழுத்தை நான்கு பிளேட்டும் ஒரே இடத்தில் அடித்தாக வேண்டும். ஒரு பிளேட் அரைக்கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் முளைத்துவிடும். ரெஜிஸ்டர் அவுட் என்று பிரஸ்ஸில் சொல்வது இதைத்தான். சின்ன எழுத்து எப்போதும் கருப்பு 100, மற்ற மூன்றும் சைபர். இதில் விவாதமே வேண்டாம்.

லென்ஸில் வண்ண ஓரம் தெரியாமல், எழுத்தின் விளிம்பு படிக்கட்டு படிக்கட்டாகவோ பிசிறாகவோ தெரிந்தால், எழுத்து படமாக மாறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபெக் ஆகக் கொடுத்திருப்பீர்கள். முகப் படத்துக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், போதும், 8 பாயிண்ட் தமிழ் எழுத்துக்குப் போதாது. அதனால் எழுத்துக் கோர்க்கிற வேலை போட்டோஷாப்பில் வேண்டாம். அங்கே படத்தை மட்டும் முடியுங்கள். எழுத்தை கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ வையுங்கள். காசு கொடுக்க முடியாதென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது, சிஎம்ஒய்கே, அதாவது நான்கு மை நிறமுறை, தெரிந்த மென்பொருள், இலவசம்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தை வைத்து எழுதிய பாடங்கள் எதிலும் இது இருக்காது, அடி வாங்கித்தான் கற்றுக்கொள்கிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரக்குப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரு பத்திரிகை செய்தேன். சின்ன எழுத்து, மெலிந்த ஃபான்ட். திரையில் அழகோ அழகு. அடித்து வந்தபோது எழுத்துகள் இருந்தன, மேலிருந்த புள்ளிகளில் பாதியைக் காணோம். சுற்றியிருந்த மை உள்ளே பரவி அடைத்துவிட்டது. "வரவேற்கும்" என்பது "வரவேறகும" ஆகிவிட்டது. அதைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தாய்மாமன் பெயரின் கடைசிப் புள்ளி போனதுதான் பெரிய பஞ்சாயத்து. ஆங்கிலத்தில் ஒரு எழுத்தின் ஓரம் அடைந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். நமக்கு ஒரு புள்ளி அடைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். வெள்ளை எழுத்தென்றால் 10 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள், தடித்த ஃபான்ட் எடுங்கள், பின்னணியை நான்கு மையில் செய்யாமல் இரண்டில் முடியுங்கள். ண, ணை, ஐ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகளை முதலில் சோதித்துப் பாருங்கள், அடைவது அங்கேதான்.

அடுத்தது கொம்பு. யூனிகோடில் "கொ" என்பது க-வும் ஒகரக் குறியும். அதைப் பிரித்து, க-வுக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் வைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு-ரெடி அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் தட்டச்சைத் தொடங்க வேண்டும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியவே தெரியாது. அதனால்தான் பழைய ஆட்கள் இன்னும் வானவில், ஸ்ரீலிபி வகை ஃபான்ட்களிலேயே இருக்கிறோம். அதில் கொம்பையும் காலையும் கண்ணால் பார்க்கிற வரிசையிலேயே தட்டுகிறோம். உங்கள் கோயிலுக்கு முந்தின கும்பாபிஷேக மலரின் ஃபைல் கிடைத்து, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக இருந்தால், வைரஸ் என்று நினைக்க வேண்டாம். அதுவும் தமிழ்தான், ஃபான்ட் இல்லை. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் மெய்ப்பு பாருங்கள். அந்தக் காலத்துத் தட்டச்சுக்காரர்கள் காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டிவிடுவார்கள். தாளில் இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. யூனிகோடில் வேறு ஃபான்ட் போட்டதும் குட்டு உடையும்.

உங்கள் கணினியில் இருக்கும் ஃபான்ட் பிரஸ்ஸில் இருக்காது. அதனால் எழுத்தைக் கோட்டுருவமாக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வரைபடமாக மாற்றி, கொடுங்கள். கோரலில் கண்ட்ரோல்-க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ. அப்படி மாற்றிய பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரம் மாறிவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வரும்போது இதன் அருமை தெரியும்.

படங்களின் தெளிவைப் பற்றி எல்லோரும் 300 டிபிஐ என்று சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்றால், அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளி அடிக்கும்போது ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சல் இருந்தால் பாதுகாப்பு என்ற கணக்கிலிருந்து. ஏ4 முழுப் பக்கப் படத்துக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கி வரும். அது ஐந்தே கால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. போட்டோஷாப்பில் 72 என்று இருப்பதை 300 என்று மாற்றி எழுதினால் படம் தெளிவாகாது, தண்ணீர் விட்ட மோர் கதைதான். படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. ஃப்ளெக்ஸுக்கு இந்தக் கணக்கு வேறு. மதுரையில் காதணி விழாவுக்குக்கூட பத்தடிக்கு எட்டடி வைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் அங்கே 72, 100 போதும். ஃப்ளெக்ஸுக்குச் செய்த ஃபைலையே பத்திரிகைக்கும் கொடுத்து, பத்திரிகைக்குச் செய்ததை ஃப்ளெக்ஸுக்கும் கொடுத்து இரண்டையும் கெடுப்பவர்களை நான் வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

ப்ளீட் என்று பிரஸ்காரர் கேட்டது சின்ன விஷயம். கட்டிங் மெஷினில் ஒரு கட்டுத் தாளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டும்போது, கட்டின் மேல் தாளும் கீழ்த் தாளும் மயிரிழை முன்பின்னாகும். பின்னணி நிறம் சரியாக விளிம்போடு நின்றால் சில பத்திரிகைகளில் வெள்ளைக் கோடு தெரியும். அதனால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் நிறத்தை வெளியே இழுத்து விடுங்கள். எழுத்தையும் பிள்ளையாரையும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். அவ்வளவுதான். கேன்வாவில் செய்கிறவர்கள் பிடிஎஃப் பிரிண்ட் என்று தரவிறக்கி, வெட்டுக்குறியும் ப்ளீடும் சேர்க்கலாம். மை நிறத்தில் தரவிறக்குவது காசு கட்டியவர்களுக்கு மட்டும்.

இனி மலர். பத்திரிகையைவிட இதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. கணினியைத் திறக்கும் முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை அது. பிரஸ்ஸுக்குப் போய் எந்தத் தாள், எந்த ஷீட் அளவு, எந்த மெஷின் என்று கேளுங்கள். ஏன் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். எல்லோரும் மலரை ஏ4இல் செய்துகொண்டு வருவார்கள். பிரஸ்ஸில் டபுள் டெம்மி ஷீட் ஓடுகிறது என்று வையுங்கள், 23க்கு 36 அங்குலம். அதை எட்டாக மடித்தால் ஒரு இலைக்கு 9க்கு 11.5 அங்குலம் கிடைக்கும், அதாவது உயரம் 292 மில்லிமீட்டர். ஏ4 உயரம் 297. ஐந்து மில்லிமீட்டர் உதைக்கிறது, ப்ளீடை எண்ணினால் இன்னும் மோசம். ஒன்று 25க்கு 36 ஷீட் வாங்க வேண்டும், இல்லையென்றால் எல்லாப் பக்கத்தையும் சுருக்க வேண்டும். சுருக்கினால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஓரமெல்லாம் போச்சு. முதலிலேயே எட்டரைக்குப் பதினொன்று அங்குலம் என்று தொடங்கியிருந்தால் தாளும் வீணாகாது, காசும் மிச்சம். 64 பக்கம் நல்ல எண். ஒரு ஷீட்டின் முன்னும் பின்னும் சேர்ந்து 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம்; நான்கு ஃபாரம், கச்சிதம். 66 பக்கமாக்க யாராவது வந்து நின்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓடும். பக்கங்களை ஷீட்டில் அடுக்கும் வேலையைப் பிரஸ்ஸுக்கே விட்டுவிடுங்கள். நீங்கள் 1 முதல் 64 வரை ஒற்றைப் பக்கங்களாக வரிசையில் கொடுத்தால் போதும்.

தாள் முக்கியம் என்று நான் சொல்வது விலைக்காக மட்டுமில்லை. ஒவ்வொரு புள்ளியும் தாளில் விழுந்ததும் கொஞ்சம் பரவும். ஆர்ட் பேப்பரில், அதாவது மேலே பூச்சுள்ள வழுவழுப்பான தாளில், 50 சதவீதப் புள்ளி 65, 70 மாதிரித் தெரியும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும், அங்கே இன்னும் கூடும். கோயில் மலரில் இது எங்கே வந்து இடிக்கும் தெரியுமா, மூலவர் படத்தில். கருங்கல் விக்கிரகம், எண்ணெய்க் காப்பு, கருவறையில் விளக்கு வெளிச்சம் மட்டும். திரையில் முகம், நாசி, புன்னகை எல்லாம் தெரியும். மேப்லித்தோவில் அடித்தால் ஒரு கரும் பாறையின் மேல் மாலை தொங்குவது போல இருக்கும். இருண்ட பகுதியை திரையில் வெளிறிப் போனதாகத் தோன்றும் அளவுக்குத் தூக்கிவிட வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், இங்கே ஒரு எண்ணைச் சொல்லி உங்களை மாட்டிவிட விரும்பவில்லை. அதே பிரஸ்ஸில் அதே தாளில் அடித்த பழைய மலர் ஒன்றை வாங்கிப் பார்த்தால் பிடிபடும். நான்கு மையின் கூட்டுத்தொகையை மட்டும் கறாராகக் கவனியுங்கள். ஆர்ட் பேப்பரில் 300க்கு மேல் வேண்டாம், மேப்லித்தோவில் 260, 280க்குள் நிறுத்துங்கள். மீறினால் மை காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எங்களுக்குத் தனித் தலைவலி.

உள்பக்கங்கள் சிங்கிள் கலர் என்றால், படங்களைக் கிரேஸ்கேலாக மாற்றிக் கொடுங்கள். சாம்பலாகத் தெரிகிறது என்பதால் அது சிங்கிள் கலர் ஆகிவிடாது. ஆர்ஜிபியில் இருக்கும் சாம்பல் நான்கு பிளேட்டுக்கும் பிரிந்து போகும். பழைய மலரிலிருந்து 1980களின் தேர்ப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து போடலாம் என்று கமிட்டியில் கட்டாயம் யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே புள்ளியாக அச்சடித்த படத்தை மறுபடி புள்ளியாக்கினால், இரண்டு வரிசைப் புள்ளியும் மோதித் தண்ணீர் அலை மாதிரி நெளிவு விழும். ஸ்கேனரில் டிஸ்கிரீன் என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். கூர்மை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. யாரிடமாவது அசல் போட்டோ இருந்தால் அதைத் தேடுவதுதான் உத்தமம். நெருங்கிய கட்டம் போட்ட பட்டுச் சேலை, சட்டைகளிலும் இந்த நெளிவு சில சமயம் வரும்.

விளம்பரங்கள் உங்கள் உயிரை எடுக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்கொடை கொடுத்த அரிசி மண்டிக்காரர் விசிட்டிங் கார்டை ஃபோனில் படம் எடுத்து, ஓரத்தில் கட்டைவிரல் தெரிய அனுப்பி, "முழுப் பக்கம் போட்டுடுங்க தம்பி" என்பார். அதைப் பெரிதாக்கிப் போராடாதீர்கள். விஷயத்தை மட்டும் வாங்கி எழுத்தாகத் திரும்ப அடித்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. ஃபோன் எண்ணை மட்டும் அவரிடமே அழைத்துச் சரிபாருங்கள். கடை போர்டில் இருக்கும் அதே சிவப்பு வேண்டும் என்று கேட்பவர்களிடம், நான்கு மையில் கிட்டத்தட்டத்தான் வரும் என்று பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

அட்டையில் கோபுரத்துக்குத் தங்க நிறம் கேட்பார்கள். நான்கு மையில் தங்கம் கிடையாது, கடுகு மஞ்சள்தான் வரும். பளபளப்பு வேண்டுமென்றால் ஃபாயில் ஒட்ட வேண்டும், அல்லது தனித் தங்க மை ஐந்தாவது பிளேட்டாக ஓட வேண்டும். ஃபாயிலுக்கு அந்தப் பகுதியை மட்டும் தனிப் பக்கத்தில், கருப்பு 100இல், கோட்டுருவமாகக் கொடுக்க வேண்டும். கோபுரத்துச் சுதைச் சிற்பம் முழுவதையும் ஃபாயிலில் கேட்டால் எல்லாம் ஒட்டிக்கொண்டு தகடாகிவிடும். வெளிக்கோடும் கலசமும் போதும்.

கடைசியாகக் கொடுக்கும் ஃபைல் பிடிஎஃப்பாக இருக்கட்டும். பிடிஎஃப் எக்ஸ்-1ஏ என்று ஏற்றுமதிப் பட்டியலில் இருக்கும். 2001இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது, பழசு. ஆனால் ஃபான்ட் உள்ளேயே இருக்க வேண்டும், ஆர்ஜிபி இருக்கக் கூடாது, நிழல்-ஒளி ஊடுருவல் எல்லாம் தட்டையாகிவிட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதால் நம் ஊர்ப் பிரஸ்களுக்கு இன்னும் அதுவே பாதுகாப்பு. புது மெஷின், புது மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதற்குப் பிந்தைய வடிவமான எக்ஸ்-4 கேட்டால் அதைக் கொடுங்கள். அக்ரோபாட் ப்ரோ கிடைத்தால், அதில் ஒவ்வொரு மையையும் தனித்தனியாக அணைத்துப் பார்க்கலாம். கருப்பை மட்டும் அணையுங்கள். எழுத்து முழுவதும் மறைந்துவிட வேண்டும். பேய் மாதிரி நிழலாக நின்றால் அது நான்கு மைக் கருப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபிலிம் எடுத்து, நான்கு பாசிட்டிவையும் லைட் டேபிளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்போம், இந்தத் தப்பெல்லாம் அங்கேயே கண்ணில் பட்டுவிடும். இப்போது கணினியிலிருந்து நேராகப் பிளேட்டுக்குப் போகிறது. நடுவில் பார்க்க ஆளில்லை, நாம்தான் பார்க்க வேண்டும்.

ப்ரூஃப் கேட்டால் டிஜிட்டல் மெஷினில் ஒரு தாள் அடித்துக் கொடுப்பார்கள். எழுத்துப் பிழைக்கும் பக்க வரிசைக்கும் அது போதும். நிறத்துக்கு அதை நம்பி எல்லாவற்றையும் முடிவு செய்யாதீர்கள், அது வேறு மெஷின், பல நேரம் வேறு தாள். அட்டை ஓடும் அன்று நேரில் போய், முதல் நல்ல ஷீட் வந்ததும் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சரி என்றால் அதில் கையெழுத்துப் போட்டு ஒன்றை மெஷின்காரரிடம், ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேச்சு வந்தால் அந்த ஷீட் பேசும். ஷீட்டைக் காட்டித் திருத்தம் சொல்லும்போது மெஷின்காரரை "அண்ணே" என்று கூப்பிட்டுக் கேளுங்கள், மை கூட்டிக் குறைப்பது அவர் கையில்தான் இருக்கிறது.

தப்பு யார்மேல் என்று கேட்டால், நிறம் உங்கள் ஃபைலில் இருந்த தப்பு. அதை மெஷினில் நின்று சரிசெய்திருக்க முடியாது. எழுத்தைப் பொறுத்தவரை, லென்ஸில் வண்ண ஓரம் தெரிந்தால் பாதிப் பாதி என்பேன். நான்கு மைக் கருப்பைக் கொடுத்தது நீங்கள். ஆனால் பெயர்ப் பட்டியல் அப்படி வந்திருப்பதைப் பிளேட் போடும் முன் பார்த்த எந்த ஆளும் ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். ரெஜிஸ்டரைச் சரியாகப் பிடித்திருந்தால் இவ்வளவு அசிங்கமாகவும் தெரிந்திருக்காது. சண்டை போடாமல், உள் தாளை மட்டும் கருப்பு ஒரே மையில் திரும்ப அடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். ஒரு பிளேட், மினி ஆஃப்செட் என்ற சின்ன மெஷினிலேயே முடிந்துவிடும். மொத்தத்தையும் திரும்ப அடிக்கிற செலவில் இது சின்னப் பங்குதான். அட்டை அப்படியே இருக்கட்டும். அதன் நீலத்தை உங்கள் திரையில் பார்த்தது நீங்கள் ஒருவர்தான், சொந்தக்காரர்களுக்கு அது முதலிலிருந்தே கத்தரிப்பூக் கலர் பத்திரிகை.

இன்னொன்று, அட்டைக்கு மேட் லேமினேஷன் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் மூலையில் மஞ்சள் தடவினால் பிடிக்காது, காய்ந்ததும் உதிர்ந்து பக்கத்துப் பத்திரிகையில் அப்பும். மஞ்சளைக் கவருக்கும், திரும்ப அடிக்கப்போகும் உள் தாளுக்கும் தடவச் சொல்லிவிடுங்கள் அம்மாவிடம். அந்த உள் தாளை லேமினேஷன் இல்லாத மேப்லித்தோவிலேயே கேளுங்கள்.